மேற்படி

பிரேக் கட்டைக்கு ஒரே எண்.
ஷெவர்லே என்று கேட்டாலும்
ஜி.எம்.சி. என்று கேட்டாலும்
என் கை போகிற அலமாரி ஒன்றுதான்.
பதிவேட்டில் முதல் ஆளுக்கு எண்ணை எழுதுவேன்,
அடுத்த ஆளுக்கு: மேற்படி.

நெப்ராஸ்காவில், லூப் ஆற்றுப் பக்கம்,
பதினெட்டு வருஷமாக இந்த உதிரிபாகக் கவுன்ட்டர்.
முன்கூடத்தில் விற்கிற பிராக்
வேறு பாஷை பேசுவான்.
இதற்கு முகத்தில் குரோம், அதற்குச் செம்பு நிறம்,
இந்தத் தையலைத் தொட்டுப் பாருங்கள் என்பான்.
உச்சிப் படிக்கு ஒன்றில் டெனாலி என்று மலையின் பெயர்,
மற்றதில் ஹை கன்ட்ரி என்று மேட்டின் பெயர்.
எங்கள் ஊரில் உயரமாக நிற்பது
சோளக் கிடங்கு மட்டும்.

எல்டன் ஹ்ரூஸ்கா டெனாலி வாங்கினான்.
அதே வாரம் தம்பி லூமிர்
ஷெவர்லேயில் ஆகக் கீழ்ப்படி:
வெள்ளை, ரப்பர் தரை,
கையால் இழுத்துத் தள்ளும் இருக்கை.
'ஹோஸ் பிடித்துக் கழுவலாம்' என்றான்
யாரும் எதுவும் கேட்காதபோது.

சுழல் பாசனக் குழாய் யார் நிலத்தில் சுற்றுவது
என்பதில் நின்றுபோன பேச்சு அது.
பதினோரு வருஷம்.
நடுவில் நான்தான் இருந்தேன்,
லூமிருக்குப் பள்ளியில் ஒரு வகுப்பு கீழே,
இப்போது ஆயில் ஃபில்ட்டருக்கு மேலே.

'அவன் வண்டியில் என்ன எஞ்சின், ஜெனீன்?'
உன்னுடையதேதான்.
'கியர்பெட்டி?'
மேற்படி.
'பிறகு எதற்கு அத்தனை டாலர் கூடுதலாம்?'
சொன்னேன். ஆறு விதமாக மடியும் பின்கதவு,
கோடையில் குளிரும் இருக்கை,
குளிரில் சூடாகும் ஸ்டியரிங்.
விதை மூட்டை ரசீதின் பின்பக்கம்
ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு
'கையுறை எதற்கு இருக்கிறது' என்று
கோடு போட்டு அடித்தான்.

மார்ச்சில் எல்டனுக்கு முழங்கால் மாற்றினார்கள்.
டெனாலி எங்கள் கொட்டகையில்
நாலு நாளாக இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.
எல்டன் மனைவி மார்வா யாருக்கு ஃபோன் போட்டாள்,
என்ன சொன்னாள், தெரியாது.
லூமிர் வந்தான்.
சாவியை ஈரமான எதையோ பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான்.

கடைசியாக ஓட்டிய மெக்கானிக் குள்ளம்.
முழங்கால் மடங்கி உட்கார்ந்தவனிடம்
கதவில் ஒன்று என்று போட்டிருக்கிற பட்டனைக் காட்டினேன்.
அழுத்தினான்.
இருக்கை முனகிக்கொண்டு பின்னால் போனது,
கொஞ்சம் இறங்கியது,
வெளிக் கண்ணாடிகள் கழுத்தைத் திருப்பின,
எல்லாம் நின்றது.
அவன் கால் பிரேக்கில் இருந்தது,
முதுகு சாய்வில் இருந்தது,
இரு கண்ணாடியிலும் பின்சக்கரம் தெரிந்தது.
திருத்துவதற்கு ஒன்றுமில்லை.
எப்போதும் எல்டன்தான் உயரம் என்பார்கள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நாங்கள் இருவரும் டாஷ்போர்டைப் பார்த்தோம்.

சும்மா இருக்கமாட்டாமல் இரண்டை அழுத்தினான்.
அது மார்வாவின் அளவு.
ஸ்டியரிங் வயிற்றில் வந்து இடித்தது.
'ஐயோ' என்று சிரித்தவன்
ஒன்றுக்குத் திரும்பி
ஓட்டிக்கொண்டு போனான்.
இண்டிகேட்டர் போடவில்லை.

பத்து நாள் கழித்து வைப்பர் வாங்க வந்தான்.
'மெத்தை ரொம்ப மெது' என்றான் முதலில்.
பிறகு, அந்தப் பட்டனை
என் வண்டிக்கு மாட்ட முடியுமா என்று.
தேடிப் பார்த்தேன்.
பட்டன் கிடைக்கும், லூமிர்.
இருக்கைகூடக் கிடைக்கும்.
உன் கதவுக்குள் அந்தக் கம்பியே போடவில்லை.

வைப்பர் அட்டையின் பின்பக்கத்தை
நிறைய நேரம் படித்தான்.
அதில் அவ்வளவு எழுத்து கிடையாது.
'எல்டனுக்கும் இதே நீளமா?'
நான் பதில் சொல்லத் தேவைப்படவில்லை.
'அப்போ ரெண்டு ஜோடி போடு.
ரசீது மட்டும் தனித்தனியா.'