காற்று வரும் இடுக்கு

மீன் ஆலையில் பத்தொன்பது வருஷம்
காட் மீனின் முதுகெலும்பை உருவியவள் நான்.
ஆலை மூடியபின்
கத்தியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன்.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்த வடகரையில்
யார் வீட்டு ஒட்டுப்போர்வை நைந்தாலும்
என் மேசைக்குத்தான் வரும்.

கரடி பொம்மை கேட்பார்கள்.
கிறிஸ்துமஸ் காலுறை கேட்பார்கள்.
ஒருவர் நாய்க்கு மேல்சட்டை கேட்டார்;
அந்த நாய் பிறந்ததே அந்தப் போர்வைமேல்தானாம்.
தைத்துக் கொடுத்தேன்.
ஒரே வாரத்தில் கிழித்துவிட்டது.
அதன் சொத்து, அதன் இஷ்டம்.

வெட்டும்போது கை நடுங்காதா என்கிறார்கள்.
நடுங்காது.
முள் எங்கே இருக்கிறதென்று
விரல் முதலில் தடவிப் பார்த்துக்கொள்ளும்.

மார்ச்சில் கோரா ஹைன்ஸ் வந்தாள்,
இரண்டு பிளாஸ்டிக் பைகளோடு.
ஒன்றில் பாதிப் போர்வை.
இன்னொன்றில் மீதிப் பாதி.
எட்டு முனை நட்சத்திரம்
நான்காய், நான்காய்.

எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.
முப்பத்தோரு வருஷத்துக்கு முன்
வெர்னா வீட்டைவிட்டுப் போன அன்று
படகையும் அடுப்பையும் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள்
இதற்கு மட்டும் கத்தரியை எடுத்தார்கள்.
பாதி தூரம் அவர் வெட்ட,
பாதி தூரம் இவர்.

எல்ட்ரெட் ஜனவரியில் இறந்துபோனார்.
"ரெண்டையும் சேர்த்துத் தைக்கவா?" என்றேன்.
"ஐயோ, வேண்டாம்" என்றாள் கோரா.
"அவங்களே சேரல, நாம யாரு?
அப்பாவோட பாதில அம்மாவுக்கு ஏதாவது.
சின்னதா.
பரண்ல போட்டுட முடியாத மாதிரி."

விளக்கடியில் விரித்தேன்.
ஒரே துணி, ஒரே கை தைத்தது.
வெர்னாவின் பாதி தெற்கு ஜன்னலோரம் கிடந்து
சிவப்பெல்லாம் வெளிறி
சால்மன் நிறமாகியிருந்தது.
எல்ட்ரெட்டின் பாதி கட்டிலடிப் பெட்டியில் இருந்து
இன்னும் செக்கச்செவேல்.

பிறகு விரல் ஓரத்துக்குப் போனது.

வெர்னாவின் ஓரம் வெட்டினது வெட்டினபடி.
நூல் நூலாகப் பிரிந்து
நட்சத்திரத்தில் ஒரு முனையே காணோம்.
எல்ட்ரெட்டின் ஓரம்
மடித்துத் தைத்திருந்தது.
தூண்டில் நரம்பால்.
கோணல்மாணலாக,
வலைக்குப் போடுகிற முடிச்சு ஒவ்வொன்றும்,
அந்த முனையிலிருந்து இந்த முனைவரை,
பிரிந்துவிடக் கூடாதென்று.

மறுநாள் வெர்னாவே வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை; கையுறையைக் கழற்றினார்.
முடிச்சுகளை எண்ணுகிற மாதிரி தடவினார்.
"இந்த மனுஷன்
ஒரு பட்டன்கூட தச்சதில்ல."
கொஞ்ச நேரம் கழித்து,
"துவைச்சிருக்காரா?"
"இல்ல. டீசல் வாடை அப்படியே இருக்கு."
"நீயும் துவைச்சிடாத."

கரடி வேண்டாமாம். தலையணை வேண்டாமாம்.
"முன்கதவுக்கு அடியில காத்து வருது.
அடைக்க ஒரு பாம்பு தச்சுக் குடு.
நீளமா. கனமா."

நானும் சொல்லிப் பார்த்தேன்,
நினைவுப் பொருளைத் தரையில் போட்டு...
"முப்பத்தோரு வருஷம் என் வாசல மிதிக்காத ஆளு,
அங்கயே கிடக்கட்டும்.
ஒரு வேலையும் ஆகும்."

தன் பாதியைப் பையோடு எடுத்துக்கொண்டார்.
ஓரம் மடித்துத் தரட்டுமா என்றதற்கு
"எனக்கும் ஊசி பிடிக்கத் தெரியும்" என்றார்.

உள்ளே நான்கு கிலோ உலர்ந்த பட்டாணி.
நரம்புத் தையல் மேல்பக்கம் தெரிய வைத்தேன்;
என் தையல் ஒன்றுகூட அதன்மேல் ஏறவில்லை.
கூலி இருபத்தைந்து டாலர்.
சில்லறையாக எண்ணிக் கொடுத்தார்.

ஏப்ரலில் ஐந்து நாள் ஓயாத வடகிழக்குக் காற்று.
ஆறாம் நாள் ரொட்டியோடு போனேன்.
கதவைத் தள்ளினால் அசையவில்லை.
உள்ளிருந்து வெர்னாவின் குரல்:
"பொறு, பொறு,
இவரக் கொஞ்சம் நகர்த்தணும்."