கோடிட்ட இடம்

தப்ரீஸிலிருந்து இரவு பத்தரைக்குப் பேருந்து.
கைப்பையில் கடவுச்சீட்டு, பிஸ்தா, பல்துலக்கி,
ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய
தொள்ளாயிரத்துப் பதினாறு சொற்கள்.

சொல்லுக்கோர் அட்டை. முன்புறம் ஆங்கிலம்,
பின்புறம் பார்சியில் பொருள்,
ஓரத்தில் பென்சிலால், எனக்கு மட்டும்,
வீட்டில் பேசும் துருக்கியில்
ஒரு வசவு, அல்லது ஓர் ஆள்.
கஞ்சனுக்கு ஆறு சொல் வைத்திருக்கிறார்கள்;
ஆறிலும் என் மேலாளர் பெயர்.
'டாசிட்டர்ன்', வாய்ச்சொல்லை எண்ணிச் செலவழிப்பவர்: அப்பா.
'கொரோசிவ்'வுக்கு மட்டும் அட்டை இல்லை.
ட்ராக்டர் ஆலையில் ஏழு வருஷமாக
நான் அளப்பதே துருவைத்தான்.

பரீட்சைக்குப் போகிறேன் என்றதும் அப்பா ________.

இப்படித்தான் கேட்பார்கள். ஆறு விடை தந்து
இரண்டைத் தேர்ந்தெடு என்பார்கள்.
எதைப் போட்டாலும்
வாக்கியத்தின் பொருள் மாறக் கூடாது.
அப்பா சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத்
தேநீரை உறிஞ்சினார்.
சம்மதித்தார் என்று போட்டுப் பார்த்தேன்.
ஒடிந்துபோனார் என்று போட்டுப் பார்த்தேன்.
பொருள் மாறவில்லை.

நோர்துஸ் எல்லையில் நடுநிசி தாண்டிவிட்டது.
அதிகாரி என் கட்டைக் கையில் வைத்து எடை பார்த்தார்.
"சீட்டா?"
"சொற்கள்."
கிளி எடுப்பதைப் போல நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.
'இக்விவோகேட்'.
"பொருள்?"
"பிடிகொடுக்காமல் பேசுவது."
கடவுச்சீட்டில் ஸொல்மாஸ் என்றிருப்பதை
உதட்டசைத்து வாசித்தார்.
"திரும்பி வருவாயா?"
"சனிக்கிழமை பரீட்சை. ஞாயிறு பேருந்து."
"நான் கேட்டது அதை இல்லை."
முத்திரையை ஊதி, குத்தி,
"என் மகளும் இதைத்தான் படித்தாள்" என்றார்.

இதிலிருந்து ஊகிக்கக் கூடியது எது
என்றொரு வகைக் கேள்வி உண்டு.
பத்தியில் இல்லாததை ஊகிக்காதே
என்பது அதற்கு முதல் விதி.
பாலத்தில் ஏறும்வரை
ஊகிக்காமலிருக்கப் பார்த்தேன்.
கீழே அராஸ் ஆறு, சத்தம் மட்டும்.

யெரெவானில் மூன்றாம் மாடி விடுதி.
எட்டுப் பேரும் அதே சனிக்கிழமைக்கு வந்தவர்கள்.
இஸ்ஃபஹான்காரன் ஷாயான்
குளியலறையில் எதிர்ச்சொல் ஓதுகிறான்;
குழாயைத் திறந்தால் குரலை உயர்த்துகிறான்.
முட்டை பொரித்தோம். உப்பில்லை.
கடைக்குப் போனேன்.
பெயர்ப்பலகையில் கொக்கியும் வளையமுமாய் எழுத்துகள்,
ஒன்றுகூடப் பிடிபடவில்லை.
என்னிடமிருந்த தொள்ளாயிரத்துப் பதினாறில்
அந்தக் கடைக்காரிக்கு ஆகிறது ஒன்றுமில்லை.
நமக் என்றேன்.
சால்ட் என்றேன்.
பிறகு, இங்கே அந்த மொழியில் வாய்திறக்காதே
என்று எல்லோரும் எச்சரித்திருந்தும்,
மெல்ல, துஸ் என்றேன்.

கல்லாவில் அவள் கை நின்றது.
என் வயதுதான் இருக்கும்.
எங்கே கேட்டிருப்பாளோ, யார் வாயிலோ.
பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்,
விரலை எடுக்கவில்லை.
"அஃ" என்றாள்.
நானும் சொன்னேன். தலையசைத்தாள், தப்பு.
தொண்டையின் அடியில் உரச வேண்டுமாம்,
முள் எடுப்பது போல.
"அஃ."
மூன்றாம் முறைதான் சில்லறை கொடுத்தாள்.

திரும்பி வருவதற்குள்
உப்பில்லாமலே தின்று முடித்திருந்தான் ஷாயான்.

சனிக்கிழமை.
அடையாளம் பார்த்து, பையைப் பூட்டி,
சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி,
உள்ளே போய் உட்கார்ந்தேன்.
பதினான்காம் கேள்வியில்
ஐந்தாவது விடையாக நின்றது 'இக்விவோகேட்'.
வாக்கியம் எந்த நாட்டு அமைச்சரைப் பற்றியதோ.
பொருந்தும் என்று தெரிந்தது.
அதோடு ஜோடி சேரும் இன்னொன்றும் தெரிந்தது.
இருந்தும் சுட்டியை நகர்த்தாமல்
அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
திரை ஓரத்தில் நொடிகள் குறையக் குறைய,
நாக்கில் பிஸ்தாவின் உப்பு.