மாட்டுக்கா, வீட்டுக்கா

மாறுதல் உத்தரவின் முதுகில்
பேருந்திலேயே எழுதிய பட்டியல்:
வாளி, கல்லுப்பு, குண்டு பல்பு,
சாவிக்கு ஒரு நகல், கம்பளி,
வங்கியில் முகவரி மாற்றம்.
மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.
வேதாரண்யத்தில் முடிந்திருக்கும்.

குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில்
பைகளைப் பறித்துக்கொண்டார்கள்.
பாலித்தீன் மலையேறக் கூடாதாம்,
உள்ளே இருந்தவை ஏறலாமாம்.
துப்பட்டாவில் முடிந்த இரண்டு கிலோ அரிசியும்
கையில் தூக்கிய ஒரு சோடிச் செருப்புமாகக்
கோத்தகிரியில் இறங்கினேன்.

"வங்கி கிழக்கேயா, மேற்கேயா?"
ஆட்டோக்காரர் வானத்தைப் பார்த்தார்.
வானம் இல்லை, வெள்ளையாக ஏதோ இருந்தது.
"மேலே போங்க. அப்புறம் கீழே.
கீழே போய் மறுபடி மேலே.
எதுக்கு வந்திருக்கீங்க?"
"கரண்ட் ஆபீஸுக்கு. கணக்கெடுக்க."
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் கிழக்கு என்றால் கடல்.
கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன்.
அங்கே மிக உயரமான இடம் உப்புக் குவியல்,
அதுவும் மழைக்கு முன் லாரியேறிவிடும்.
இங்கே தெருவைப் படுக்கப்போடவில்லை,
ஏணிபோல் சாத்திவைத்திருக்கிறார்கள்.
வாளி வாங்கி அரிசியை அதற்குள் இறக்கி
மூச்சு வாங்கினேன்.
பட்டியலில் இல்லாதது
அது ஒன்றுதான் இலவசம்.

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்,
விரல் நுனி மட்டும் தெரியும் கையுறை.
"முகவரிக்கு ஆதாரம்?"
சாவியைக் காட்டினேன்.
"மின்கட்டண ரசீது கொண்டுவாங்க."
அந்த ரசீதுக்கு நாளைமுதல்
வீடு வீடாக மீட்டர் பார்க்கப்போவதே நான்தான் என்றேன்.
"அப்ப நாளைக்கு வாங்க."

சாவிக்காரர் செவ்வாய்க்கிழமை ஊட்டியில்.
இன்று செவ்வாய்.

பெள்ளி ஸ்டோர்ஸ்.
"கல்லுப்பு ஒரு கிலோ."
தராசைத் தொட்டுக்கொண்டே கேட்டார்,
"மாட்டுக்கா, வீட்டுக்கா?"
பிறந்ததிலிருந்து உப்பைப் பார்த்திருக்கிறேன்,
யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.
எருமைக்கென்றால் பெரிய கல், விலை குறைவு.
மூலையில் மூட்டை நின்றது,
பாதி அழிந்த எழுத்தில் என் ஊர்.
எனக்கு முன்பே மலையேறி வந்து
குளிரில் வியர்த்துக்கொண்டிருந்தது.
"வீட்டுக்கு" என்றேன்.
எந்த வீட்டுக்கு என்று
நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

கம்பளிக்குப் பாதி விலை சொன்னேன்.
வாதாடாமல் கொடுத்துவிட்டார் கடைக்காரர்.
"ரெண்டாவது வாங்க நாளைக்கு வருவீங்கல்ல,
அப்ப பார்த்துக்கலாம்."

மூன்றரைக்கு மேகம் கடைவீதியில் இறங்கியது,
அதற்கும் ஏதோ வாங்க வேண்டியிருந்தாற்போல்.
எதிரில் வந்த ஆள் குடையாக மட்டும் வந்தார்.
பல்பு வாங்கி வெளியே வந்தேன்,
ஊரே அணைந்தது.

மெழுகுவத்தி கேட்ட கடையில்
மூன்று பேர் ஒன்றாகத் திரும்பினார்கள்.
"கரண்ட் ஆபீஸ் புது மேடம்தானே?
உங்களுக்கே மெழுகுவத்தியா?"
"எப்பங்க வரும்?"
"நாளைக்குத்தான் சேர்றேன்" என்றேன்.
"கரண்டா?"

குடியிருப்பில் பன்னிரண்டு படி மேலே,
நான்கு கீழே, கதவு.
மெழுகுவத்தி இருக்கிறது, தீப்பெட்டி இல்லை.
பக்கத்துக் கதவைத் தட்டினேன்.
லைன்மேன் ஹாலனின் மனைவி,
இடுப்பில் தூங்கும் பிள்ளை, கையில் எரியும் திரி.
ஒன்றும் கேட்காமல் தன் திரியிலிருந்து பற்றவைத்தாள்.
திரும்பியபோதுதான் கேட்டாள்,
"அவரு காலையிலேயே கம்பத்துக்குப் போனாரு,
உங்களுக்கு ஏதாவது போன் வந்துச்சா?"
இல்லை என்றேன்.
அந்த மூன்று பேரின் கேள்வியும்
இவளுடையதும் ஒன்றல்ல.

சுவிட்ச் எது, எந்தப் பக்கம் போட்டிருக்கிறது
என்று தெரியாமல் பல்பை மாட்டினேன்.
செய்தித்தாளில் உப்பைக் கொட்டிவைத்தேன்.
கம்பளி ஒன்று போதவில்லை.

இரண்டு மணிக்குப் பல்பு தானாக எரிந்தது.
கொஞ்ச நேரத்தில் படியில் பூட்ஸ் சத்தம்,
பக்கத்துக் கதவு திறந்து மூடும் சத்தம்.
எழுந்து பார்த்தேன்:
உப்பு கசிந்து
தாளைத் தாண்டி ஒரு கோடாகத்
தரையில் ஓடியிருந்தது.
தரையும் சரிவுதான் போல.
அது ஓடிய பக்கத்தைக்
கிழக்கு என்று வைத்துக்கொண்டு
அங்கே தலைவைத்துப் படுத்தேன்.