முக்கால் ஸ்டாப்

பாடாங் செராயில்
சுயசேவை டோபிக் கடைக்கு மேல்மாடி.
கீழே ஆறு உலர்த்திகள் ஓட
தரை வழியே ஏறும் சூட்டில்
செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறோம்
ஒன்பது பேர்.
சுவரில் ஆணியடித்த பெட்ஷீட்டில்
என் ஹொக்காய்டோ.

தண்ணீர் வடிகட்டி நாற்பத்தொன்று விற்றதற்குக்
கம்பெனி கொடுத்த ஐந்து நாள் பயணம்.
நாலாம் நாள் காலை, பேருந்தின் டயருக்குச்
சங்கிலி மாட்டிய இடைவெளியில்
இறங்கி எடுத்தது.
ஒரு சரிவு, ஒரு வேலி,
இலையில்லாத ஏழு மரங்கள்.
மற்றதெல்லாம் பனி.

"அடிவானம் சாயுது" என்றார்
பள்ளிக்கூடக் கிராணி வேதமூர்த்தி.
எந்தப் படத்துக்கும் முதலில் அதைத்தான் சொல்வார்.
"படத்துல வானமே இல்லையே, எதை வச்சு சொல்றீங்க?"
"வேலிய வச்சு."
"மலையில போட்ட வேலி சாயத்தானே செய்யும்?"
"அப்ப பெட்ஷீட் சாயுது."
யாரோ எழுந்து ஆணியை மாற்றி அடித்தார்கள்.
சாய்வு அப்படியே இருந்தது.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் நளாயினி
மரங்களை எண்ணினாள்.
ஏழு, ஒற்றைப்படை, நல்லது என்றாள்.
நடுவில்தான் வெற்றிடம் அதிகம்.
வெற்றிடத்தைத்தான் எடுத்தேன் என்று சொல்ல நினைத்து
மைலோவைக் குடித்தேன்.

எங்களில் வேறு யாரும்
பனிக்குள் கால் வைத்ததில்லை.
பனி என்றால் விடியலில்
மோட்டார் சீட்டில் கைக்குட்டையால் துடைப்பது.
மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதும்
கப்பலேறி வந்த பழமொழிதான்;
இங்கே மாசியில் மச்சைத் துளைப்பது வெயில்.
ஆனாலும் பனி எப்படி இருக்க வேண்டும் என்பதில்
எட்டுப் பேருக்கும் உறுதி இருந்தது.

மீன் லாரி ஓட்டும் அந்தோணிராஜ்
வெகுநேரம் கழித்து வாயைத் திறந்தார்.
"சாம்பலா இருக்கும்மா.
கோலா மூடாவுல தினம் ஐஸ் அள்ளிப் போடறேன்,
விடியாத நேரத்துலகூட
இவ்ளோ அழுக்கா இருக்காது."

சரிதான்.
கேமராவுக்கு உலகம் மொத்தமும் பாதிச் சாம்பல்.
கருப்பைக் காட்டினால் வெளுக்கப் பார்க்கும்,
வெள்ளையைக் காட்டினால் அழுக்காக்கும்.
அது சொன்னதை அன்று நம்பிவிட்டேன்.
விரல் விறைத்திருந்தது.

மடிக்கணினியில் வெளிச்சத்தை ஏற்றினேன்.
கால் ஸ்டாப். அரை.
பெட்ஷீட் வெளுத்தது.
ஒன்று. ஒன்றேகால்.
"ஆங், இதான் பனி" என்றார்கள்
வெள்ளை படிந்த முகங்களோடு.
வேதமூர்த்தியின் சட்டைப்பையில்
மை கசிந்திருப்பதுகூடத் தெரிந்தது.

"நில்லு, நில்லு" என்றார் அந்தோணிராஜ்.
"கீழ, இடப்பக்கம், ஒன்னு இருந்துச்சே."
"என்ன?"
"காலடி."

இறக்கினேன்.
மூன்றாம் மரத்திலிருந்து வேலியோரமாய்ப்
பள்ளம் பள்ளமாய் ஒரு வரிசை வந்து,
படத்தின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால்
திரும்பிப் போயிருந்தது.
எடுத்தபோது நான் பார்க்கவில்லை.
இரண்டு மாதமாக வைத்திருந்தும் பார்க்கவில்லை.

"அத வெட்டிடு, கண்ண இழுக்குது."
"வெட்டினா ரெண்டு மரம் போயிரும்."
"போகட்டும், அஞ்சும் ஒற்றைப்படைதான்."
"யாரா இருக்கும்?"
"எதையாவது மறந்துட்டுத் திரும்பியிருப்பான்."
"அவன்னு எப்படித் தெரியும்?"

ஏற்றினால் பனி வெள்ளை, தடம் இல்லை.
இறக்கினால் தடம் உண்டு, பனி சாம்பல்.
கை தூக்கச் சொன்னோம்.
நாலுக்கு நாலு.
கீழே ஒரு உலர்த்தி முடிந்து கூவ,
சீருடையை எடுக்க நளாயினி
தூக்கிய கையோடு ஓடினாள்.

எனக்கும் ஒரு கை இருந்தது.
முக்கால் ஸ்டாப்பில் நிறுத்திச் சேமித்தேன்.
வெள்ளை என்று அடித்துச் சொல்ல முடியாது.
காலடி இருக்கிறது என்றும்
தேடாதவர்களிடம் சொல்ல முடியாது.

படியிறங்கும்போது
அந்தோணிராஜ் ஒன்றும் பேசவில்லை.
வேதமூர்த்தி மட்டும் பாதிப் படியில் நின்று
திரும்பிப் பார்த்தார்.
"சாயுதும்மா" என்றார்.