ஆறாவது கட்டம்

டெம்ப்ளேட்டில் ஆறு கட்டங்கள்.
மேலே 'தேர்ந்தெடுத்த பணிகள்' என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது.

முதலில் மாம்பழக்கூழ் டின்.
"கிளிமூக்கைக் கொஞ்சம் அல்போன்சா ஆக்கிடும்மா" என்றார்
ஃபேக்டரி முனிரத்னம்.
மூக்கை மட்டும் வழித்தேன்.
பாதிப் பணம் இன்னும் வரணும்.

அடுத்து பர்கூர் ஜவுளிக்கடைப் பை.
மூன்றும் நான்கும்
யாரும் கேட்காத வங்கிக்கு நானாகச் செய்த ஆப்.
அதில் வாடிக்கையாளர் பெயர் எமிலி.
எமிலிக்கு நிறையச் சேமிப்பு.

ஐந்தாவது, கல்யாணப் பத்திரிகை.
"இவ்வளவு வெள்ளை வீணாப் போகுதே" என்று
மாப்பிள்ளையின் மாமா இன்னொரு பிள்ளையார் கேட்டார்.
கொடுத்தேன்.
இங்கே அவர் வராத பிரதியைப் போடுகிறேன்.

மணி ஒன்றரை.
கீழே ரவுண்டானாவில் காலி பஸ் ஒன்று
பெங்களூர் பெங்களூர் என்று கத்திவிட்டுப் போகிறது.

ஹார்டு டிஸ்க்கில் அதிகம் இருப்பது கண்ணீர் அஞ்சலி.
நானூற்றுப் பன்னிரண்டு.
விடிவதற்குள் ஃபிளெக்ஸ் வேண்டுமென்று
ராத்திரியில் வந்து விழும் முகங்கள்:
ரேஷன் கார்டிலிருந்து, பந்தியில் பாதிச் சோற்றோடு,
ஒருமுறை சிசிடிவியிலிருந்து.

காவேரிப்பட்டணம் திம்மராயனுக்கு இருந்தது ஒரே படம்.
தோளில் மனைவியின் கை.
கையை எடுத்துவிட்டு
அதனடியில் சட்டை எப்படி இருந்திருக்குமோ
அப்படி வரைய வேண்டும்,
நீலக்கோடு, வெள்ளைக்கோடு, நீலக்கோடு,
மூன்று மணி நேரம்.
நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.
பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முன், பின் என்று இரண்டையும் போடலாம்.
நடுவில் ஸ்லைடர் வைத்து இழுத்துப் பார்த்தேன்.
கை வந்தது, போனது, வந்தது.
இரண்டு கண்ணாடி வளையல். விரல்கள்
துணியைக் கொஞ்சம் கசக்கிப் பிடித்திருந்தன.

அந்தம்மா இருக்கிறார். சந்தையில் பார்ப்பேன்.
நம்பர்கூட இருக்கிறது,
கேட்கலாம்.
என்னவென்று கேட்பது?

'என்னைப் பற்றி'யில் ஊர் கேட்டது.
பெங்களூர் அருகே என்று அடித்தேன்.
அருகேயை அழித்தேன், பிறகு பெங்களூரை.
கிருஷ்ணகிரி என்றதும் அந்த எழுத்துருவில்
ஷ்-க்கும் ண-வுக்கும் இடித்தது.
இரண்டு புள்ளி தள்ளி வைத்தேன்.

ஐந்து கட்டத்தோடு பப்ளிஷ் அழுத்தும்போது
போன். பிரிண்டிங் பிரஸ் அக்தர் பாய்.
"வேணி, தூங்கலையே? ஒரு அஞ்சலி.
படம் சுமார்தான்."
அனுப்புங்க பாய்.

மெதுவாகத் தெளிகிறது.
மாந்தோப்பில் ஐந்து பேர்,
ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள்.
யாரென்று அவர் இன்னும் சொல்லவில்லை.