கடலை விழும் பக்கம்

கெயோன் துறைமுகத்தில்
இரவு எடைமேடை என் பொறுப்பு.
சால்மன் ஏற்றிய லாரி வந்து நிற்கும்,
எண் துடித்துத் துடித்து அடங்கும்,
சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
இருபது நிமிடம், மழை என்றால் நாற்பது.

ஜூலைக் குளிரில் இரும்பு முக்காலி
உட்கார்ந்தவளைக் கடிக்கிறது.
அதற்கொரு உறை போடத்தான்
சாம்பல் கம்பளியும் ஐந்தாம் எண் ஊசியும் வாங்கினேன்,
கூடவே ஒரு பழைய குரோஷா புத்தகமும்.

கொண்டைக்கடலைத் தையல் என்று பெயர் போட்டிருந்தது.
படத்தில் துணி முழுக்கக் கடலை,
இரவெல்லாம் ஊறி உப்பிய கடலை,
தட்டினால் உருண்டு ஓடிவிடும்போல.

ஒரே கண்ணிக்குள் ஐந்து முறை போ.
ஒவ்வொரு முறையும் பாதியில் நில்.
ஊசியில் ஆறு வளையம் சேரட்டும்.
நூலைச் சுற்றி, ஆறையும்
ஒரே இழுப்பில் கடந்து வா.
அடுத்த கண்ணியைக் குட்டையாக, இறுக்கிப் போடு.
குட்டைகள் இருபுறமும் நெருக்கினால்தான்
நடுவில் இருப்பது துருத்தும்.

எல்லாம் சரி, எழுதியவளுக்கு வலக்கை.
அவள் போகிற பக்கமிருந்து நான் வரவேண்டும்.
படத்தைக் கருத்த ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன்.
கண்ணாடிக்குள் அவள் கை
என் கையாக மாறி ஊசி பிடித்தது.
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது,
லாரி விளக்கு அடிக்கிற வரை.
வெளிச்சத்தில் அவளைக் காணோம்.
பம்பரும் மழையும்தான் இருந்தன.

ஏழு கடலை போட்டுவிட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் முளைக்கவில்லை.
கடலை இருக்கவேண்டிய இடத்தில்
லேசாக ஒரு குழி.
உருவினேன்.
மறுபடி ஏழு, மறுபடி குழி.
வரிசை முடியும்வரை பொறுக்கவில்லை, உருவினேன்.
மூன்றாவது முறை உருவியபோது
நூல் சேமியா மாதிரி நெளிந்து கிடந்தது மேசைமேல்.

இந்தக் கையின் இடக்கு எனக்குப் புதிதில்லை.
மீன் வெட்டும் வரிசையில்
என் முழங்கை போய்
மிரேயாவின் முழங்கையில் இடிக்கும்.
இருவரும் கத்தி வைத்திருந்தோம்.
மேற்பார்வையாளர் அளந்து பார்த்தார்:
எனக்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டியிருந்தது.
அதனால்தான் எடைமேடை.
அதனால்தான் இந்த முக்காலி.

நாலாவது முறை,
விடியற்காலை நாலு இருக்கும்,
எலியேசர் காருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவன்போல
லாரியிலிருந்து பாதி உடம்பைத் தொங்கவிட்டு,
சீட்டுக்குக் கை நீட்டியபடி கேட்டான்:
"என்ன நெலிதா, கடலை வேகவைக்கிறாயா?"

எங்கே கடலை, என்றேன்.
"இதோ, என் பக்கம். ஏழு."

திருப்பினேன்.
ஏழும் இருந்தன.
கொழுத்து, நெருங்கி,
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

பின்னுகிறவளுக்கு மறுபக்கம்தான் கடலை விழுமாம்.
வலக்கைக்காரிக்கும் அப்படியேதானாம்.
புத்தகத்தில் இருந்தது, அடுத்த பக்கத்தில், பொடி எழுத்தில்.
நான் பக்கத்தையும் திருப்பவில்லை,
துணியையும் திருப்பவில்லை.
முதல் முறையே சரியாக வந்திருந்தது.
மூன்று முறை சரியாக வந்ததை
மூன்று முறை உருவியிருக்கிறேன்.

இடக்கையிடம் என்ன சொல்வது?
எலியேசருக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
இருபத்துநாலு டன், நானூற்று அறுபது கிலோ.
அந்தக் கையாலேயே சீட்டை நீட்டினேன்.

ஒன்பது இரவில் உறை முடிந்தது.
முக்காலியில் போட்டு உட்கார்ந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு கடலையும்
ஒன்றுவிடாமல் குத்தின.
எழுந்து திருப்பிப் போட்டேன்.
இப்போது குழிப்பக்கம் எனக்கு,
கடலையெல்லாம் இரும்புக்கு.
சூடு வருகிறது, நிதானமாக.

எலியேசர் மட்டும்
சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல்
எட்டி எட்டிப் பார்க்கிறான்,
கடலை எங்கே என்று.