ஓதம்

பெர்கனில் மழை பெய்யாத நாளைத்தான்
நாட்காட்டியில் குறித்துவைப்போம்.
அப்படிப்பட்ட ஊரில்
சுவரில் ஓதம் பார்ப்பவளுக்கு வேலை இல்லையென்றால்
குற்றம் மழையின் மேல் இல்லை.

"உன்னை யாருக்கும் தெரியவில்லை, போர்கில்ட்.
பாட்காஸ்டுகளில் போய்ப் பேசு" என்றாள் மாரித்.
எனக்குக் கணக்கு எழுதுபவள்.
என் வரவுப் பக்கத்தின் வெள்ளையை
மாதாமாதம் பார்ப்பவள்.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது
எந்தக் கடலோரத்திலும் ஒரே சட்டம் போல.

ஊர் கண்ணில் படவேண்டும் என்றால்
யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் உட்கார்ந்து
பேசவேண்டும்.
இது விளங்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

இருபத்தாறு கடிதம் எழுதினேன்.
முதல் கடிதத்தில் என் சான்றிதழ்கள் அத்தனையும்.
ஒன்பதாவதில் பாதி.
பதினேழாவதில்,
ஒரு பியானோவுக்குப் பின்னால்
ஆறு வருடம் வளர்ந்த பூஞ்சையைப் பற்றி
நாலே வரி.
அதற்குத்தான் பதில் வந்தது.
மற்றபடி, 'பிறகு பார்க்கலாம்' இரண்டு.
ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பியிருந்தார்:
விருந்தாளி கட்டவேண்டிய தொகை,
சாப்பிடக் கூப்பிட்டுத்
தட்டுக்கு வாடகை கேட்கிற மாதிரி.

யூஸ்டைனின் நிகழ்ச்சிக்கு 'வீடும் நாமும்' என்று பெயர்.
அறுபது பேர் கேட்பதாகச் சொன்னான்.
அவன் அம்மாவைச் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.
ஸான்ட்விகனில் பழைய மீன்கிடங்கின் கீழ்த்தளம்,
சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு,
முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாய்.
கதை மூன்று, நகைச்சுவை ஒன்று,
தொலைபேசி எண் இரண்டு முறை,
மாரித் சொன்னபடி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"உங்கள் பயணம் எங்கே தொடங்கியது?"
பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு புரிந்து, படிப்பைச் சொன்னேன்.
ஹெட்போனில் என் குரல்
யாரோ நன்றாக உடுத்திய ஒருத்தியுடையது.

பதினோராவது நிமிடத்தில்
மூக்கு குறுக்கிட்டது.
பழைய மீன்வாடையாக இருக்கும் என்று பேச்சைத் தொடர்ந்தேன்.
இல்லை. இதில் ஒரு தித்திப்பு இருந்தது,
நனைந்த அட்டைப்பெட்டிக்குள்
மறந்துபோன ஆப்பிள்.
ஹெட்போனைக் கழற்றினேன், எழுந்தேன்,
அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்பாஞ்சின் ஓரத்தை உரித்து
சுவரில் காதை வைத்தேன்.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
என் தொழிலில் சுவருக்கு வாய்.
மெதுவாகத்தான் பேசும்.
அது பேசும்போது நாம் பேசக்கூடாது.

விரல்முட்டியால் தட்டினேன்.
நல்ல கல். நல்ல கல்.
நல்ல கல்.
பிறகு அந்த மந்தமான பதில்.

"இங்கே" என்றேன்.
"குழாய் இல்லை, மலையிலிருந்து இறங்கும் நீர்.
மூன்று குளிர்காலமாவது ஆகியிருக்கும்."
யூஸ்டைன் சிவப்பு விளக்கைப் பார்த்தான்,
பிறகு சுவரை.
"எனக்கு இருமல் விடவே மாட்டேன் என்கிறது" என்றான்,
நிகழ்ச்சிக்கான குரல் அல்ல அது.

வியாழக்கிழமை வெளியானது.
பேருந்தில், சொட்டும் குடைகளுக்கு நடுவே கேட்டேன்.
மூன்று கதையும் இருந்தன.
நகைச்சுவைக்கு அவன் சிரித்தது இருந்தது,
கொஞ்சம் தாமதமாக.
எண், இரண்டு முறை, தெளிவாக.
நான் எழுந்ததிலிருந்து 'இங்கே' என்றது வரை
பதினான்கு விநாடி
இல்லை.
சும்மா கிடந்த இடம் என்று வெட்டிவிட்டானாம்.
கேட்பவர்கள் அங்கேதான் கழன்றுகொள்வார்களாம்.

குறையாகச் சொல்லவில்லை.
நான்கு பேர் கூப்பிட்டார்கள், அதில் ஒன்று தப்பு எண்.
அடுத்த நிகழ்ச்சியின் முகவரியை
மாரித் பச்சை மையில் எழுதி அனுப்பியிருக்கிறாள்.
போவேன். உள்ளங்கை காலியாகத்தானே இருக்கிறது.

ஆனால் என் வேலை எப்படிப்பட்டது என்று
யாராவது மெய்யாகவே கேட்டால்
அந்தப் பதினான்கு விநாடியைத்தான் போட்டுக்காட்ட வேண்டும்.
யூஸ்டைனிடம் கேட்டுப் பார்த்தேன்.
அழித்தாயிற்று.

திங்கட்கிழமை அவன் சுவரைத் திறக்கப்போகிறேன்.
வேண்டுமானால் மைக்கை ஓடவிடு என்று சொல்லியிருக்கிறேன்.
நான் ஒன்றும் பேசமாட்டேன்.